ஒளி ஏற்பிச் செல்களின் வெளிச்சத் தகவமைப்பு

சுற்றுப்புற வெளிச்சம் கூடும்போது விழித்திரையின் ஒளி ஏற்பிச் செல்கள் தம் உணர்திறனைத் தாமே குறைத்துக்கொண்டு தொடர்ந்து வேலை செய்வதை வெளிச்சத் தகவமைப்பு என்கிறோம். மேட்னி ஷோ முடிந்து வெயிலில் கால் வைத்ததும் கண் கூசுகிறது. சற்று நேரத்தில் தெரு, கடை, பஸ்ஸின் பெயர்ப்பலகை எல்லாம் துலங்கிவிடுகின்றன. கண்பாவை சுருங்குவதுதான் இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பாவைக்கு அவ்வளவு பெயர் கொடுக்க வேண்டியதில்லை. அதன் விட்டம் ஏறத்தாழ 8 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ. வரை சுருங்கும்; உள்ளே வரும் ஒளி அதனால் 16 மடங்குதான் குறையும். நட்சத்திர வெளிச்சத்துக்கும் உச்சி வெயிலுக்கும் உள்ள வேறுபாடோ பத்துக் கோடி மடங்கு அளவிலானது. மிச்சச் சுமை விழித்திரையின் தலையில்தான் விழுகிறது. அதில் பெரும்பகுதியை ஒளி ஏற்பிகளே ஏற்கின்றன.

மனித விழித்திரை ஒன்றில் சுமார் 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் உள்ளன. மங்கலில் பார்ப்பது குச்சி செல். பகலும் நிறமும் கூம்பு செல்லின் பொறுப்பு. குச்சி செல்லின் கூர்மை வியப்பானது. டெனிஸ் பெய்லர், டிரெவர் லாம்ப், கிங்-வாய் யாவ் ஆகிய மூவரும் தேரையின் குச்சி செல்லைக் கண்ணாடி நுண்குழாய்க்குள் உறிஞ்சிப் பிடித்து அதன் மின்னோட்டத்தை அளந்தார்கள். ஒரே ஒரு ஃபோட்டானுக்கும் அச்செல் மின்துடிப்பு காட்டுவதை 1979-இல் வெளியிட்டார்கள். இத்தனை நுட்பமான செல் வெயிலில் எப்படித் திணறாமல் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இச்செல்கள் இருட்டில்தான் மும்முரமாக இருக்கின்றன. செல்லுக்குள் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு நிறைந்திருக்கும். அது சவ்விலுள்ள வாயில்களைத் திறந்து வைத்திருப்பதால் சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்ந்தபடி இருக்கும். சவ்வு மின்னழுத்தம் அப்போது மைனஸ் 40 மில்லிவோல்ட் அளவில் நிற்கும். ஒளி பட்டதும் ரொடாப்சின் நிறமியிலுள்ள ரெட்டினால் வளைந்த வடிவத்திலிருந்து நேராகிறது. தூண்டப்பட்ட ரொடாப்சின் டிரான்ஸ்டியூசின் என்ற புரதத்தை முடுக்க, அது ஒரு நொதியை ஏவி சைக்ளிக் ஜி.எம்.பி.யைச் சிதைக்கிறது. வாயில்கள் மூடுகின்றன, மின்னழுத்தம் மைனஸ் 70 வரை இறங்குகிறது. எல்லா வாயில்களும் மூடிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு ஒளி வந்தாலும் செல்லால் வேறுபாடு காட்ட முடியாது.

இந்த முட்டுச்சந்தைத் தவிர்ப்பது கால்சியம். வாயில் மூடியதும் கால்சியத்தின் வரத்து நின்றுபோகிறது. ஆனால் சவ்விலுள்ள பரிமாற்றப் புரதம் இருப்பதை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால், பிரகாசமான ஒளியில் உள்ளிருக்கும் கால்சியம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக வற்றிவிடுகிறது. அந்த வறட்சியே செல்லுக்குச் செய்தி. சைக்ளிக் ஜி.எம்.பி.யை உருவாக்கும் நொதி அதனால் வேகம் பிடிக்கிறது; தூண்டப்பட்ட ரொடாப்சினை அடக்கும் நொதியும் கட்டவிழ்கிறது. மூடிய வாயில்களில் ஒரு பகுதி மீண்டும் திறக்கிறது. செல் இப்போது மந்தமானது, ஆனால் மேலும் கூடும் ஒளியை உணர அதற்கு இடம் இருக்கிறது.

இதற்கான சோதனை 1988-இல் நடந்தது. செல்லைச் சூழ்ந்த கரைசலின் சோடியத்தையும் கால்சியத்தையும் பெருமளவு நீக்கி, உள்ளே கால்சியம் மாறாதபடி இரண்டு குழுக்கள் தனித்தனியே தடுத்துப் பார்த்தன. தகவமைப்பு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. வழக்கத்தைவிடக் குறைந்த ஒளியிலேயே செல் முட்டி நின்றது.

வெளிச்சம் நீடித்தால் மெதுவான ஏற்பாடுகளும் சேர்கின்றன. குச்சி செல்லில் டிரான்ஸ்டியூசின் ஒளி பிடிக்கும் பகுதியை விட்டு உட்பகுதிக்கு நகர்கிறது. ஒளிச்செய்தியை அணைக்கும் அரெஸ்டின் எதிர்த்திசையில் வருகிறது. இத்தனைக்குப் பிறகும் குச்சி செல் முழுப் பகலில் தாக்குப்பிடிப்பதில்லை. கூம்பு செல்லோ நிலையான வெளிச்சத்தில் முட்டுவதே இல்லை எனலாம். கடும் ஒளியில் அதன் நிறமி வெளுத்துப்போவதால் பிடிபடும் ஃபோட்டான்களே குறைந்துவிடுகின்றன. வெளுத்த நிறமியும் விரைவாகப் புதுப்பிக்கப்படுகிறது.

கூம்பு செல்கள் வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மைக்ரோனேசியாவின் பிங்கலாப் தீவு சான்று. 1775 வாக்கில் புயல் அத்தீவை அழித்தது. தப்பிய சிலரின் வழியே ஒரு மரபணுக் குறை பரவியது. இன்று அங்கே பலர் நிறமே அறியாதவர்கள். பகலில் கண்ணை இடுக்கியபடி நிழல் தேடுவார்கள். மங்கிய பொழுதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அங்கே சென்று இதை ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். 2004-இல் விவரிக்கப்பட்ட இன்னொரு அரிய குறையில், டிரான்ஸ்டியூசினை அணைக்கும் புரதம் பழுதாகியிருக்கும். வெளிச்சம் திடீரென மாறினால் இக்குறை உள்ளவர்களுக்குச் சில நொடிகள் கண் கட்டியதுபோல் ஆகிவிடும்.

தகவமைப்பு உணர்திறனைத்தான் குறைக்கிறது, விழித்திரையில் விழும் ஆற்றலை அல்ல. விழித்திரைக்கு வலியும் தெரியாது. கூச்சம் தணிந்துவிட்டது என்று நம்பி, கிரகண நாளிலும் சரி, மற்ற நாளிலும் சரி, தகுந்த வடிகட்டி இல்லாமல் சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்.