மருத்துவச்சி: மரியாதை இழந்த சொல்

பிரசவம் பார்ப்பவர் மருத்துவச்சி. ஆனால், மகப்பேறு மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற பெண்ணை அப்படி அழைத்துப் பாருங்கள்! முகம் சுளிப்பார். 'டாக்டரம்மா' என்றால் மகிழ்வார். ஏன் இந்த வேறுபாடு?

இலக்கணப்படி மருத்துவன் என்பதன் பெண்பால்தான் மருத்துவச்சி. வேட்டுவன், வேட்டுவச்சி போல. ஆனால் வழக்கில், மருத்துவன் எல்லா நோய்க்கும் மருந்து தருபவன். மருத்துவச்சியோ பிரசவ அறையோடு நின்றுவிட்டார். தமிழகக் கிராமங்கள் பலவற்றில் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்களே பிரசவம் பார்த்தனர். பிள்ளையை முதலில் கையில் ஏந்தியவரைச் சாதி சொல்லி ஒதுக்கிய சமுதாயம், அவர் பெயரையும் சேர்த்தே தாழ்த்தியது.

ரஷ்ய மொழியிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே மகப்பேறு மருத்துவர் 'அக்குஷெர்'. பிரெஞ்சிலிருந்து வந்த சொல் அது. அதன் பெண்பாலான 'அக்குஷெர்கா' பெண் டாக்டரைக் குறிப்பதில்லை, மருத்துவச்சியையே குறிக்கிறது. ஆகவே, பெண் டாக்டரும் ஆண்பால் பட்டத்தையே தாங்குகிறார். தமிழிலோ அவர் 'மருத்துவர்' என்ற மரியாதைச் சொல்லுக்குள் வந்துவிட்டார். மருத்துவச்சி வெளியே நின்றார்.

இத்தனைக்கும் இரண்டு பணிகளும் ஒரே வாசலில் தொடங்கியவை. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர் மேரி ஷார்லீப். அவர் அதற்கு முன்பே பிரசவ மருத்துவமனையில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மலாய் மொழி வேறு வழியில் சென்றது. கம்பத்தில் பிரசவம் பார்ப்பவர் 'பிடான்'. 1966இல் மலேசியாவில் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரும் பிடான் சட்டமே. மகப்பேறு மருத்துவத் துறைக்கும் 'பெர்பிடானான்' என்றே பெயர். கம்பத்துக் கிழவியின் பெயரைச் சுமப்பதில் நிபுணருக்கும் வெட்கமில்லை.

ஸ்ரீ கெம்பாங்கானிலும் கிள்ளானிலும் இன்று அடுக்குமாடிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் தோட்டத்து லயத்தில் இருக்கிறது. அங்கே நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வந்தவர் மருத்துவச்சிதான். கைராசிக்காரி என்று புகழ்ந்தார்கள். பெயரை எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே அந்தப் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். பக்கத்தில் 'மருத்துவச்சி' என்றும் மறக்காமல் எழுதுங்கள். அது பட்டம், ஏளனம் அல்ல.