சர்க்கரை மன்றாடியார் சின்னமலையான கதை

காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை. வடக்கே இன்னும் கொஞ்சம் போனால் சென்னிமலை. இரண்டிலும் முருகன் குடியிருக்கிறார். நடுவில் மூன்றாவதாக ஒரு மலை உண்டு என்று சொல்லி, அந்தப் பெயரைத் தனக்கே வைத்துக்கொண்டார் ஒருவர்.

1756இல் மேலப்பாளையத்தில் பிறந்த அவருக்கு வீட்டில் வைத்த பெயர் தீர்த்தகிரி. குடும்பப் பட்டம் சர்க்கரை மன்றாடியார். கொங்கு வேளாளரில் பயிரன் குலம். குலப்பெயரைக் கையெழுத்தில் யாரும் சேர்ப்பதில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால்தான் அது வெளியே வரும். பயிரனுக்குப் பயிரன் பங்காளி, பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஊருக்குத் தெரிவது பட்டம்தான். 

மன்றாடி என்பவர் யார்? சோழர் கல்வெட்டுகளில், கோயில் விளக்குக்கு நெய் அளப்பதாக ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர். ஊர் மன்றத்தில் வழக்குத் தீர்த்தவர் என்று சொல்வோரும் உண்டு. கொறங்காடும் கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியுமாகக் கிடக்கும் இந்த மேய்ச்சல் பூமியில் முதல் பொருளைத் தள்ளிவிட முடியாது என்பது என் கட்சி.

கொங்கு அப்போது மைசூர் ஆட்சியில் இருந்தது. வரிப்பணத்தோடு போன ஆட்களைத் தீர்த்தகிரி மறித்து, பணத்தைப் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்தாராம். பறித்தது யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்றார்கள் வந்தவர்கள். சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடுவிலிருக்கும் சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல்லுங்கள் என்று பதில் வந்ததாம். இது வாய்மொழிக் கதை. வரி கட்டி நொந்தவர்களுக்கு இதைவிட இனித்த செய்தி வேறு இருந்திருக்காது; பெயர் பரவியதில் ஆச்சரியமில்லை.

பிறகு அதே மைசூரின் திப்பு பக்கம் நின்று ஆங்கிலேயரை எதிர்த்ததும், திப்பு வீழ்ந்தபின் ஓடாநிலையில் கோட்டை கட்டியதும், 1805இல் சங்ககிரியில் தூக்கிலேற்றப்பட்டதும் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன.

பட்டம் அவரோடு போய்விடவில்லை. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் அதைச் சுமந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காங்கேயம் மாட்டினத்தைத் தேர்ந்து வளர்த்துப் பேரெடுத்த நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் அந்த வீட்டுக்காரர். ஒரே பட்டத்தில் ஒருவர் தூக்குமேடை ஏறினார், இன்னொருவர் ராவ் பகதூர் ஆனார். மாடு வளர்த்தவர் பெயரை இன்று மாட்டுக்காரர்களைத் தவிர யாரும் சொல்வதில்லை; அது நியாயமில்லை.

சென்னை மெட்ரோவில் சின்னமலை நிலையத்தில் இறங்கிவிட்டு இவரைத் தேடாதீர்கள். அது புனித தோமையார் பெயரோடு சேர்ந்த வேறு குன்று. அஞ்சல் துறை 2000இல் காங்கேயம் காளைக்கும், 2005 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலைக்கும் தபால்தலை வெளியிட்டது.