கட்டியங்காரன் இல்லாத கூத்து

ஏலமலையில், உடும்பன்சோலைத் தாலுகாவைச் சேர்ந்த சக்குபள்ளம், இரண்டு பாஷைகளின் சினிமாவையும் ஒரே ஆர்வத்தோடு பார்த்துப் பழகிய ஊர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இந்த மலைப்பகுதி கேரளத்தோடு நின்றுவிட்டதெனினும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏறிவந்து, ஏலத்தோட்டங்களில் களையெடுத்தும் காயெடுத்தும் ஜீவனம் செய்த தமிழர்கள் தங்கள் நடிகர்களையும் படங்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய மலையாளிகள் தங்களுடையவற்றைக் கொண்டுவந்தார்கள். இவ்விரு ரசனைகளும் ஒரே டீக்கடை பெஞ்சில் சந்திக்கும் இடத்தில் ஒரு விசித்திரம் தெளிவாகப் புலப்படும். நையாண்டிப் படம் எந்தப் பாஷையினுடையதாயினும், அதைப் பார்த்து மிகப் பலமாகச் சிரிப்பவர் பெரும்பாலும் அந்த நையாண்டிக்கு இலக்கானவராகவே இருப்பார். அது தம்மைக் குறித்தது என்ற எண்ணம் மட்டும் அவருக்கு எழாது. இது மலைநாட்டாருக்கு மட்டும் உரிய குறையன்று. நம் சினிமாவின் தொடக்க காலம் முதலே கூட வருவது இது.

சினிமாவுக்கு முன்பு நிலைமை வேறாக இருந்தது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்றொரு பாத்திரம் உண்டு. ராஜா வருவதைச் சபைக்கு அறிவிப்பவன் அவனே. ராஜா தன் பிரதாபங்களைப் பாடி முடித்ததும் அவரை மடக்கிக் கேள்வி கேட்பவனும் அவனே. நடுநடுவே சபையின் பக்கம் திரும்பி, புராண காலத்து அநியாயத்துக்கும் அந்த ஊரில் நேற்று நடந்த அநியாயத்துக்கும் முடிச்சுப் போட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியமனிதரே நெளியும்படி பேசுபவனும் அவனே. பரிகாசம் யாரைக் குறித்தது என்ற சந்தேகம் கூத்துப் பார்க்க வந்த எவருக்கும் எழ இடமில்லை. திரைச்சீலை வந்தபோது ராஜாவும் ராணியும் விதூஷகனும் அதில் ஏறிக்கொண்டார்கள். சபையைப் பார்த்து நேருக்கு நேர் பேசிய அந்த ஒருவனுக்கு மட்டும் அங்கே இடமில்லாமற் போயிற்று. நம் நையாண்டிப் படங்கள் அடைந்த விபரீதங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம்.

பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஏவி. மெய்யப்பன் படமாக்கி 1941 டிசம்பரில் வெளியிட்ட ‘சபாபதி’யை முதல் உதாரணமாகக் கொள்ளலாம். எஜமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. இருவருடைய புத்தியும் ஒரே தரம். பெயரை ஒன்றாக வைத்ததிலேயே ஆசிரியரின் கருத்து விளங்குகிறது. செல்வக் குடும்பத்தில் பிறந்து பரீட்சையில் தேறாத பிள்ளையாண்டானுக்கும் அவன் ஏவலாளுக்கும் பணத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை என்பதே அதன் ஹாஸ்யம். ஆனால் டி. ஆர். ராமச்சந்திரனின் எஜமானனை விட்டுவிட்டு, காளி என். ரத்தினத்தின் வேலைக்காரனைப் பார்த்தே ஜனங்கள் அதிகம் சிரித்தார்கள். அசட்டுப் பணக்காரனைக் காட்ட எழுதிய நாடகம், அசட்டு வேலைக்காரனின் படமாக நினைவில் நின்றுவிட்டது.

அடுத்தது இன்னும் சிக்கலானது. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, எம். ஆர். ராதா மேடைதோறும் நடித்துப் பிரசித்தமாக்கிய ‘ரத்தக்கண்ணீர்’, கிருஷ்ணன் பஞ்சு இயக்கத்தில் 1954-இல் திரைக்கு வந்தது. வெளிநாடு சென்று திரும்பிய மோகனசுந்தரம், தாயை இகழ்ந்து, மனைவியைத் துறந்து, தாசி காந்தாவின் வீடே கதியென்று கிடந்து, ஈற்றில் குஷ்டரோகியாகித் தெருவில் பிச்சையெடுக்கிறான். தன் விகார உருவத்தைச் சிலையாக வைத்துப் பிறருக்கு எச்சரிக்கையாக்கும்படி வேண்டிச் சாகிறான். கதையின் நோக்கப்படி அவன் கண்டிக்கப்பட வேண்டியவன். ஆனால் மூடப்பழக்கங்களையும் போலிப் பக்தியையும் குத்திக் கிழிக்கும் வாக்கியங்கள் யாவும் அந்தப் பாதகனின் வாயிலேயே வைக்கப்பட்டிருந்தன. அவற்றை உச்சரித்ததோ ராதாவின் குரல். விளைவு, சிலைக்குரிய எச்சரிக்கை மறைந்து, பாதகனே நாயகனானான். அவன் தாயிடம் பேசிய பேச்சைக்கூட மனப்பாடம் செய்து திருப்பிச் சொல்லி மகிழ்ந்தவர்கள் பலர். என் மனத்தை மிகவும் வருத்துவது வேறொன்று: அவனுடைய நோயும் வேடிக்கையாயிற்று. பல குரல் மேடைகளில் அந்தத் தழுதழுத்த குரலைக் காட்டிக் கைதட்டல் வாங்கும் வழக்கம் இன்னமும் ஓயவில்லை. நோயாளிகள் செய்த பாவம் என்ன?

மலையாளத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். சத்யன் அந்திக்காடு இயக்க, ஸ்ரீனிவாசன் எழுதி நடித்து 1991-இல் வெளிவந்த ‘சந்தேசம்’, தமிழ்நாட்டில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பும் தந்தையையும், எதிரெதிர்க் கட்சிகளில் சேர்ந்து வீட்டையே அரங்கமாக்கும் அவருடைய இரு புதல்வர்களையும் பற்றியது. போலந்தைக் குறித்து அண்ணன் தம்பியர் மோதிக்கொள்ளும் வாக்குவாதம் தெரியாத மலையாளி அபூர்வம். எங்கள் டீக்கடையில் இடதுசாரி நண்பரும் காங்கிரஸ் நண்பரும் அதே காட்சியை ஒருவர்மீது ஒருவர் எய்வதை எத்தனையோ தேர்தல்களில் கேட்டிருக்கிறேன். இருவரும் படத்தின் பாதியை மட்டும் பார்த்தவர்களாகவே பேசுவார்கள். இனி, அரசியலே வேண்டாம் என்ற மனோபாவத்தை அந்தப் படம் வளர்த்துவிட்டது என்ற ஆட்சேபமும் பிற்காலத்தில் எழுந்தது. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கட்சி வெறியைச் சுட்ட அம்பைக் கட்சிப் பணியின்மீதே பாய்ந்ததாகக் கொண்டவர்களும் உண்டல்லவா!

இவை எல்லாவற்றையும் முன்கூட்டியே உணர்ந்து, அந்த உணர்ச்சியையே கதையின் முடிவாக்கியவர் சோ ராமசாமி. 1968-இல் அவர் மேடையேற்றிய ‘முகமது பின் துக்ளக்’, அவருடைய இயக்கத்திலேயே 1971 மார்ச்சில் படமாக வெளிவந்தது. பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தான் துக்ளக்கும் யாத்திரிகர் இப்னு பதூதாவும் சமாதியிலிருந்து உயிரோடு மீண்டு வந்தவர்களாகத் தோன்றி, தேர்தலில் நின்று வெல்ல, துக்ளக் பிரதமராகிறான், பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறான், தன் பக்கம் தாவி வந்தவர்களையெல்லாம் உபபிரதமர்களாக்குகிறான். 1965-இன் மொழிப் போராட்டம் நெஞ்சில் ஆறாதிருந்த காலம் அது. ஹிந்தியைத் திணித்தவர்கள் மீதான கேலியென்று ஒரு சாராரும், மொழியை வைத்து அரசியல் செய்தவர்கள் மீதான கேலியென்று மறுசாராரும் கொள்வதற்கு அந்தப் பாரசீகம் ஒன்றே போதுமானதாயிருந்தது. மொழியின் பெயரால் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும் வாக்காளரைப் பற்றியது அது என்று கொண்டவர் சிலரே. அதே மார்ச் மாதத் தேர்தலில் தி.மு.க. 184 சட்டசபை இடங்களில் வென்றது. தேசத்தில் இந்திரா காந்தியின் கட்சி 352 இடங்களைப் பிடித்தது. நையாண்டியால் தேர்தல் முடிவுகள் மாறுவதில்லை. அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

உண்மையில் அந்தச் சுல்தானும் யாத்திரிகரும், ஜனங்களின் அறியாமையை அவர்களுக்கே காட்டிக்கொடுக்க வேண்டுமென்று வேஷம் புனைந்த இரண்டு இளைஞர்கள். குறித்த காலம் வந்ததும் வேஷத்தைக் களைவது என்பது அவர்களுடைய ஒப்பந்தம். பதவியின் ருசி கண்ட துக்ளக் மறுக்கிறான். பதூதாவாக நடித்தவன் ஜனத்திரளின் முன்னே நின்று, இது வேஷம், உங்களுக்குப் பாடம் புகட்டச் செய்தது என்று உள்ளதை உள்ளபடி உரைக்கிறான். துக்ளக்கின் பேச்சை நம்பிய கூட்டம் அவனைக் கொன்றுவிடுகிறது; துக்ளக் பிரதமராகவே நீடிக்கிறான். கூத்தின் கட்டியங்காரன் திரைக்குள் வந்து சபையை நோக்கிப் பேசிய இடம் இது. பேசியதற்காக அவன் உயிரிழந்த இடமும் இதுவே.

தொழில்நுட்பத்தில் அந்தப் படம் நாடகத்தைத் தாண்டிப் போகவில்லை. காமிரா அசையவே தயங்குகிறது. சில பாத்திரங்கள் வெறும் வசன வாகனங்கள். ஆயினும் நான் பார்த்த தமிழ் நையாண்டிப் படங்களில் முதலிடத்தை அதற்கே கொடுப்பேன், அந்தக் கடைசிக் காட்சி ஒன்றின் பொருட்டு.