தானியம் இல்லாத ஸ்வீட் ரோல்: இரண்டு பஞ்சங்களின் கதை

1/ தாம்பரம், செலையூர், மேடவாக்கம் பக்கம் இப்போ நிறைய வீடுகள்ல ஓடிஜி அவன் இருக்கு. கூடவே கிளினிக்ல இந்தக் கேள்வியும்: "டாக்டர், பாதாம் மாவுல பட்டை ரோல் செய்றேன். அப்பாவுக்குச் சுகர், கொடுக்கலாமா?" பதிலுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. ஏன்னா இது ரீல்ஸ்ல பிறந்த பண்டம் இல்லை.

2/ 19ஆம் நூற்றாண்டு பிரான்ஸ். இன்சுலின் கிடையாது. அப்போலினேர் புஷார்தா என்ற மருத்துவர், மாவுச்சத்தைக் குறைத்தால் சிறுநீரில் போகும் சர்க்கரையும் குறைவதைச் சொல்லி வந்தார். 1870-71ல் பாரிஸ் முற்றுகை. ஊரே பட்டினி. அவருடைய நோயாளிகள் சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரையே காணவில்லை.

3/ ஆனா ரொட்டி தின்று வளர்ந்தவரிடம் ரொட்டியை விடச் சொன்னா விடுவாரா? நம்மகிட்ட சோறு வேண்டாம்னு சொல்ற மாதிரிதான். அதனால் கோதுமையின் ஸ்டார்ச்சை நீக்கி, மிஞ்சும் குளூட்டனில் ரொட்டி சுடச் சொன்னார் புஷார்தா. லண்டனில் ஃபிரெடரிக் பேவி பாதாம் ரொட்டியைப் பரிந்துரைத்தார். உங்க வீட்டு ரோலுக்கு அவர் ஒருவகையில் தாத்தா.

4/ இந்த உணவு பெரியவர்கள் சிலருக்கு உதவியது. டைப் 1 குழந்தைகளைக் காப்பாற்றவில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்ப்சனுக்கு இன்சுலின் போட்ட பிறகுதான் அவர்களுக்கு விடிவு வந்தது.

5/ இரண்டாவது பஞ்சம், 1944-45 குளிர்காலம், ஹாலந்து. நாஜி ஆக்கிரமிப்பில் கோதுமை ரொட்டிக்குத் தட்டுப்பாடு. சீலியாக் நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி வயிற்றுப்போக்கு. 1930களிலேயே கோதுமை மேல் சந்தேகப்பட்ட குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே, 1950ல் தன் ஆய்வேட்டில் அதை நிறுவினார். பின்னர் குற்றவாளி குளூட்டன் என்று தெரிந்தது.

6/ கவனிச்சீங்களா? புஷார்தா மருந்தாகக் கொடுத்த அதே குளூட்டன், டிக்கேயின் குழந்தைகளுக்கு விஷம். "தானியம் இல்லை"ன்னு சொன்னா மட்டும் போதாது. யாருக்காக, எதை நீக்குறோம்?

7/ நம்ம ஊர்ல சீலியாக் அபூர்வம். 2016ல் வெளியான இந்திய ஆய்வில் வடக்கே சுமார் 1.2%, தெற்கே 0.1%. சந்தேகம் இருந்தா, டெஸ்ட் எடுக்கும் முன் கோதுமையை நிறுத்தாதீங்க. நிறுத்தினா ரிசல்ட் நார்மல்னு பொய் சொல்லும்.

8/ நம்ம வீடுகளின் பிரச்சினை சுகர்தான். கேழ்வரகு, தினை ரோலும் தானிய ரோல்தான். பேர்லயே "சிறுதானியம்" இருக்கே! 100 கிராம் மைதாவில் மாவுச்சத்து சுமார் 75 கிராம். பாதாம் மாவில் நார்ச்சத்தையும் சேர்த்தே 20 கிராம் அளவுதான். ஆனா கலோரி சுமார் 600, மைதாவில் 350. ஒண்ணு போதும்.

9/ குளூட்டன் இல்லாத மாவு ஈஸ்ட் போட்டாலும் மைதா மாதிரி உப்பாது. காற்றைப் பிடிச்சு வைக்க வலை இல்லை. முட்டையும் இசப்கோலும் சேர்த்துப் பிடிமானம் கொடுங்க, பேக்கிங் பவுடர் போடுங்க. உள்ளே நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, தேன் போட்டா சுகர் ஏறும். அப்புறம் பாதாமுக்குச் செலவு பண்ணது வீண்.

10/ இப்போ பதில். அப்பாவுக்குக் கொடுக்கலாம். ஆனா ரோலோடு சேர்த்துச் சோறு, இட்லியையும் திடீர்னு குறைச்சா, கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையில் இருப்பவர் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினா, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். மெனு மாத்தும் முன் டாக்டரிடம் சொல்லி டோஸை மாத்துங்க. டைப் 1 குழந்தைக்கு எந்த ரோல் கொடுத்தாலும் இன்சுலினை மட்டும் நிறுத்தவே கூடாது.