கல்லாவில் ஒருவர், கால்கடுக்கப் பலர்

நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களின் கால்வலிக்குத் தமிழ் வீடுகளில் வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. கல் உப்பு போட்ட வெந்நீரில் கணுக்கால் வரை நனைத்து உட்காருவது, சூடேற்றிய செங்கல்லின் மேல் எருக்கிலையைப் பரப்பிக் குதிகாலை வைத்து வைத்து எடுப்பது, விளக்கெண்ணெய் தடவிக் கெண்டைக்காலை நீவிவிடுவது, படுக்கும்போது இரண்டு தலையணைகளை அடுக்கிக் காலை உயர்த்தி வைப்பது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவற்றில் சில உண்மையிலேயே இதம் தருபவை. ஆனால் எல்லாமே கடை சாத்திய பிறகு, வேலை பார்த்தவர் தம் தூக்க நேரத்தில், தம் செலவில் செய்துகொள்பவை. விடிந்தால் அதே கால்கள் அதே பளிங்குத் தரையில் போய் நிற்கும். இந்த வலிக்கான முதல் மருந்து பகலில், கடைக்குள்ளேயே கிடைக்க வேண்டியது: ஒரு நாற்காலி. அதைக் கடைக்குள் கொண்டுவர 1881 முதல் பல நாடுகளில் சட்டம் போட்டுப் பார்த்துவிட்டார்கள். இத்தனை எளிய பொருள் ஏன் இத்தனை காலம் உள்ளே வரவில்லை என்று தேடினால், விற்பவர் நிற்பது தொழிலின் தேவையால் வந்ததல்ல, யார் பெரியவர் யார் சின்னவர் என்று காட்டும் வழக்கமாக வந்தது என்பது புலப்படும்.

முதலில் உடம்பின் கணக்கு. நடப்பதைவிட அசையாமல் நிற்பதுதான் காலுக்குக் கடினம். காலில் இறங்கிய ரத்தத்தை மீண்டும் மேலே ஏற்றுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரும் பங்கு உண்டு. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து சிரைகளைப் பிழிகிறது. நின்ற இடத்திலேயே நின்றால் அந்த வேலை நின்றுபோகிறது. ரத்தம் தேங்கி, பாதம் வீங்கி, சிரைகளின் உள்ளிருக்கும் வால்வுகள் ஆண்டுக்கணக்கில் தளர்ந்து, நரம்பு சுருட்டிக்கொண்டது என்று நாம் சொல்லும் வெரிகோஸ் வெயின் தோலுக்கடியில் நீலமாகப் புடைக்கிறது. நாள் முழுக்க உடல் எடையைத் தாங்கும் குதிகால் தனியாக வலிக்கும். காலையில் எழுந்து தரையில் வைக்கும் முதல் அடியே சுரீரென்று குத்தும். இடையிடையே ஐந்து நிமிடம் உட்கார முடிந்தாலே இந்தச் சுமை குறையும். தேவைப்படுவது அவ்வளவுதான்.

பழைய தமிழ்க் கடையில் உட்காருவதுதான் வழக்கம். ஜவுளிக் கடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே அமர, நடுவில் புடவைகள் விரியும். கணக்குப்பிள்ளை சாய்வு மேசைக்கு முன் சம்மணமிட்டிருப்பார். மளிகைக் கடைக்காரர் மூட்டைகளுக்கு நடுவே கையெட்டும் தூரத்தில் தராசை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். குழித்தறியில் நெசவாளர், உமியோட்டின் முன் பொற்கொல்லர், சக்கரத்தின் முன் குயவர் என்று கைத்தொழில்களும் பெரும்பாலும் அமர்ந்தே நடந்தன. நாவிதர்கூட வாடிக்கையாளரை எதிரே அமர வைத்துத் தாமும் குந்தி உட்கார்ந்துதான் சவரம் செய்தார். சுழல் நாற்காலி வந்தபின் வாடிக்கையாளர் சாய்ந்துகொண்டார், தொழிலாளி எழுந்துவிட்டார். வீட்டுக்குள்ளும் இதுதான் நடந்தது. அருவாமனையும் தரை அடுப்பும் போய்ச் சமையல் மேடை வந்தபோது புகை குறைந்தது, குனிவது குறைந்தது, நிற்கும் நேரம் கூடியது.

இதை வைத்துப் பழங்காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த மெத்தையில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை. முதலாளியும் கணக்குப்பிள்ளையும் அமர்ந்திருக்க, பரணிலிருந்து கட்டுகளை இறக்கும் கடைப்பையன் ஓரமாக நின்றான். யார் திண்ணையில் உட்காரலாம், யார் தெருவில் நின்றே பேச வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. குந்தியே தொழில் செய்தவர்களுக்கு முதுகும் முழங்காலும் போயின. அன்று உட்கார்ந்தே விற்க முடிந்தது என்பது ஒன்று; உட்காருவது அன்றும் உரிமையாக இல்லை, படிநிலையின் அடையாளமாகவே இருந்தது என்பது இன்னொன்று. பின்னால் வந்த கண்ணாடிக் கவுண்டரும் பல மாடிக் கடையும் அந்த அடையாளத்தை அழிக்கவில்லை. கடைப்பையன் ஒருவன் நின்ற இடத்தில் நூற்றுக்கணக்கானோரை நிறுத்தி அதைப் பெருக்கின.

நிற்கும் கடை 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் பெரிதாக வளர்ந்தது. பாரிஸின் பேரங்காடியைக் களமாக வைத்து எமில் ஸோலா 1883-இல் ஒரு நாவல் எழுதினார். அதில் வேலைக்குச் சேர்ந்த தொடக்க நாட்களில் நாயகி தெனீஸ் படும் பாடுகளில் கால்வலியும் ஒன்று. விற்பனைப் பெண் எழுந்து நிற்பதே மரியாதை, அமர்ந்திருந்தால் கடையில் வியாபாரம் இல்லை என்று பொருள் என்பது முதலாளிகளின் எண்ணம். இதை எதிர்த்து நியூயார்க் மாநிலம் 1881-இலேயே பெண் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் செய்தது. பிரிட்டன் 1899-இல் மூன்று விற்பனைப் பெண்களுக்கு ஓர் இருக்கை என்றது. பிரான்ஸ் 1900 டிசம்பரில் எத்தனை பெண்களோ அத்தனை இருக்கை என்று ஒரு படி மேலே போனது. சட்டம் வந்தது, வழக்கம் போகவில்லை. நியூயார்க் கடைகளின் நிலையை ஆலிஸ் உட்பிரிட்ஜ் விசாரித்து எழுதிய அறிக்கை இதற்குச் சாட்சி. பல கடைகளில் சட்டத்தை மதிக்கவே இல்லை. சில இடங்களில் பதினைந்து பெண்கள் நிற்கும் கவுண்டருக்கு ஓர் இருக்கை. ஒரு கடையிலோ இருக்கை இருந்தது, அதில் உட்கார்ந்தால் அபராதமும் இருந்தது. நாற்காலி வாங்கும் செலவா தடை? அபராதம் போட்ட அந்த ஒரு கடை போதும், அதல்ல என்று காட்ட.

அந்தச் சட்டங்களுக்கு ஒரு குறையும் உண்டு. அவை பெண்களுக்கு மட்டுமே. நாளைய தாய்மார்களின் உடல்நலம் கெடும் என்ற வாதத்தை முன்வைத்துப் பெற்ற சலுகை அது. அன்றைய அரசியலில் எடுபடக்கூடிய வாதம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஆணின் காலும் அதே தசையும் சிரையும் கொண்டதுதான். தொழிலாளியின் காலைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் தாய்மையைப் பற்றிப் பேசியதால், ஆண்கள் நின்றுகொண்டே இருப்பதில் யாருக்கும் உறுத்தல் ஏற்படவில்லை.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44-ஆம் பிரிவில், நின்று வேலை செய்யும் எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஆண் பெண் பேதமின்றி அமரும் வசதி வேண்டும் என்றது. வேலைக்கு இடையூறில்லாமல் ஓய்வு கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் கடைகளுக்கான 1947-ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை, நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் இடையில் ஒரு மணி நேர ஓய்வு என்றெல்லாம் விதித்தது. நாற்காலியை மட்டும் விட்டுவிட்டது. எட்டு மணி நேரம் என்பதும் தி.நகர் ரங்கநாதன் தெருவைப் பார்த்தவர்களுக்கு ஏட்டுச் சுரைக்காய்தான். தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி அங்கே வேலை பார்க்கும் இளைஞர்களின் வாழ்க்கையை 2010-இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைக்குக் கொண்டுவந்தது. படத்தைப் பார்த்துக் கலங்கியவர்கள் பலர். கடைக்குள் நாற்காலி வரவில்லை.

பின்னால் அது வந்த வழி கேரளத்தின் கோழிக்கோடு. அங்கே மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதற்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டினார்கள். தையல் தொழிலாளியான விஜி அவர்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உருவாக்கினார். கழிப்பறைக் கோரிக்கை இருக்கைக் கோரிக்கையாகவும் வளர்ந்தது. உட்கார்ந்தால் மட்டுமல்ல, களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தாலும் சம்பளம் பிடிப்பார்கள் என்பது அவர்கள் சொன்ன புகார். திருச்சூரின் பெரிய ஜவுளிக் கடையொன்றின் முன் 2014 இறுதியில் தொடங்கி நூறு நாட்களுக்கு மேல் பெண்கள் உட்கார்ந்து போராடினார்கள். கேரள அரசு 2018 அக்டோபரில் அவசரச் சட்டம் மூலம் உட்காரும் உரிமையைத் தந்தது. தமிழ்நாட்டில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு 2019 செப்டம்பரில் இதை ஒருமனதாக ஏற்றிருந்தது. 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் பேரவையில் மசோதாவை முன்வைத்தார். 1947-ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற புதுப் பிரிவு சேர்ந்தது. கடைகளில் எல்லா ஊழியர்களுக்கும் தக்க இருக்கை வசதி வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் அதைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம்.

கடைக்காரர்கள் சொல்லும் மறுப்புகளைத் தள்ளிவிடாமல் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் வரும்போது எழுந்திருப்பது நம் பண்பாடு என்பார்கள். எழுந்திருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் ஏன் நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. வங்கிக் காசாளர் உட்கார்ந்தபடியே பணத்தை எண்ணித் தருகிறார். ஜெர்மனியில் சூப்பர் மார்க்கெட் பில் போடுபவர் அமர்ந்தே வேலை செய்கிறார். அங்கெல்லாம் யாரும் அவமானப்பட்டதாகத் தெரியவில்லை. கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றமும் 2016-இல், முதலாளியின் விருப்பத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, அந்த இடத்தில் செய்யும் வேலை உட்கார்ந்து செய்யக்கூடியதா என்று பார்க்க வேண்டும் என்றது. தீபாவளி, ஆடித் தள்ளுபடி நாட்களில் உட்கார நேரமேது என்பது நியாயமான வாதம். அந்தக் கூட்டம் வருடம் முழுவதும் இருப்பதில்லை. பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குக் காலியான புடவைப் பிரிவில் நிற்பவருக்கு அது பொருந்தாது. நாள் முழுக்க உட்காருவதும் கேடுதானே என்ற கேள்விக்கும் இதே பதில்: நாள் முழுக்க உட்காரச் சட்டம் சொல்லவில்லை, மாற்றி மாற்றி இருக்கத்தான் இடம் தருகிறது. சதுர அடிக்கு வாடகை கொடுக்கும் கடையில் இடமில்லை என்ற பேச்சுதான் இருப்பதிலேயே பலவீனமானது. கவுண்டருக்கடியில் தள்ளிவிடக்கூடிய ஒரு ஸ்டூல் அடைக்கும் இடத்தை வாசலில் நிற்கும் பொம்மை அடைக்கிறது.

ஆய்வாளர் எப்போதோ ஒருமுறை வந்து நாற்காலியை எண்ணிவிட்டுப் போகலாம். அதில் உட்கார்ந்தவரைக் கண்காணிப்பாளர் முறைத்தாரா என்பதை எண்ண முடியாது. அதைப் பார்க்கக்கூடியவர் வாடிக்கையாளர் ஒருவர்தான். உட்பிரிட்ஜின் விசாரணையை அடுத்து 1891-இல் நியூயார்க்கில் உருவான நுகர்வோர் சங்கம் இதைத்தான் செய்தது. ஊழியரை முறையாக நடத்தும் கடைகளின் பெயரை ‘வெள்ளைப் பட்டியல்’ என்று அச்சிட்டு, அங்கே வாங்குங்கள் என்றது. முதல் பட்டியலில் தேறியவை எட்டே கடைகள். நம்மூரில் பட்டியல் போட ஆளில்லாவிட்டாலும், அடுத்த முறை ஜவுளி எடுக்கப் போகும்போது இவர்கள் உட்கார நாற்காலி எங்கே என்று கேட்கலாம். விற்பவரிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள்.