பத்து விரல் பழக்கம்

கோம்பை தெரியுமில்லையா? தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். வேட்டை நாய்க்குப் பேர்போன அதே கோம்பைதான். அந்த ஊர்ப் பெயரைக் கம்ப்யூட்டரில் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

நீங்கள் அந்தக் கால டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் படித்தவர் என்றால், சிலேட்டில் எழுதுகிற மாதிரியே அடிப்பீர்கள். முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு 'க', பிறகு கால்... 'கோ' ஒன்றுக்கே மூன்று தட்டு! ஆங்கில எழுத்து வழியாக அடிப்பவர் என்றால் கே, ஓ, ஓ, எம், பி, ஏ, ஐ என்று ஏழு தட்டு. ஆனால் 'தமிழ்99' பழகியவர் க, ஓ, ம, ப, ஐ என்று ஐந்தே தட்டில் முடித்துவிடுவார். கவனித்தீர்களா? 'ம்' தலையில் இருக்கும் புள்ளியை அவர் வைக்கவே இல்லை. அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது!

அந்தப் புள்ளியை வைத்தது யார்? எந்த விசைக்கு என்ன வேலை என்று முடிவு செய்கிற அதிகாரம் யாருடையது? இதற்குப் பின்னால் ஒரு சுவையான சரித்திரம் இருக்கிறது.

முதலில் அமெரிக்காவுக்குப் போய் வருவோம். 1970-களின் நடுப்பகுதி. எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடம். அங்கே எழுதவும் திருத்தவும் 'டெக்கோ' என்றொரு எடிட்டர். 1974 வாக்கில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் அதில் ஒரு வசதி செய்து கொடுத்தார். எந்த விசையைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்பதை அவரவரே வைத்துக்கொள்ளலாம். விடுவார்களா? ஆளாளுக்கு ஒரு குறுக்குவழி, ஆளாளுக்கு ஒரு சட்டம்! கொஞ்ச நாளில் ஒருத்தர் எடிட்டர் இன்னொருத்தருக்குப் புரியாமல் போய்விட்டது. உதவி செய்யலாமே என்று பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தால் விரல் ஒன்றை நினைக்கும், திரை வேறொன்றைச் செய்யும்.

இதைச் சரிசெய்யக் கிளம்பியவர் கை ஸ்டீல். எல்லோருடைய குறுக்குவழிகளையும் திரட்டி, பொதுவான ஒரு வரிசையை உருவாக்க ஆரம்பித்தார். ஸ்டால்மன் அதை முடித்து வைத்தார். 1976-ல் பிறந்த அந்தக் குழந்தையின் பெயர் 'ஈமேக்ஸ்'. அதிலும் சொந்தக் குறுக்குவழி வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த பொதுவழி ஒன்று முதலில் இருந்தது. வித்தியாசம் அதுதான்.

அதே 1976-ல் பெர்க்லியில் பில் ஜாய் என்பவர் 'விஐ' என்ற எடிட்டரை எழுதினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. எச், ஜே, கே, எல் எழுத்துகளின் மேலேயே அம்பு வரைந்திருந்தார்கள். அவரும் கர்சரை நகர்த்த அவற்றையே வைத்துக்கொண்டார். அந்த டெர்மினல் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. ஆனால் உலகம் முழுக்க புரோகிராமர்கள் இன்றைக்கும் எச், ஜே, கே, எல்லைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். விரல் ஒரு தடவை பழகிவிட்டால் அவ்வளவுதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்!

இனி நம் வீட்டுக் கதை. 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் எப்படி அடைப்பது? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் பிழைக்கப்போன இரா. முத்தையா இதற்கு வழி கண்டார். கொம்பு, கால், புள்ளி என்று எழுத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை வடிவமைத்தார். இயந்திரம் தயாரானது ஜெர்மனியில்.

கம்ப்யூட்டர் வந்ததும் பழைய எம்.ஐ.டி. கூத்து இங்கேயும் அரங்கேறியது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு', சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் 'மயிலை', ஈழத் தமிழர்கள் மத்தியில் 'பாமினி'... ஆர்வலர்கள் சொந்த உழைப்பில் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் ஒன்றில் பழகியவர் இன்னொன்றில் உட்கார்ந்தால், மறுபடி 'அ'னா 'ஆ'வன்னா!

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட்99' மாநாடு கூடியது. பல நாட்டுத் தமிழ்க் கணினி வல்லுநர்கள் கலந்து பேசினார்கள். தமிழக அரசின் ஏற்போடு பிறந்தது தமிழ்99 விசைப்பலகை. 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம். ஆக 31 விசையில் மொத்தத் தமிழும் அடங்கியது. உயிர் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும்.

இதில் நிஜமான குறுக்குவழி எங்கிருந்து வந்தது தெரியுமா? இலக்கணத்திலிருந்து! பள்ளிக்கூடத்தில் 'இன எழுத்து' படித்தோமே... ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற. இந்த ஜோடிகள் அடுத்தடுத்து வந்தால், முதல் எழுத்து பெரும்பாலும் புள்ளி வைத்ததுதான். ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தாலும் அப்படியே. எனவே அந்தப் புள்ளியை மெஷினே வைக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கோம்பை, கம்பம், சின்னமனூர்... பள்ளத்தாக்கு முழுக்க இலவசப் புள்ளிகள்!

ஆனால் பக்கத்தில் உத்தமபாளையம் இருக்கிறதே? 'த்த'வுக்குப் புள்ளி சரி. 'மபா' என்ற இடத்திலும் மெஷின் புள்ளி வைத்தால் ஊர் 'உத்தம்பாளையம்' ஆகிவிடுமே! அதற்கும் வழி உண்டு. 'ம' அடித்ததும் ஒரு 'அ' தட்டினால் புள்ளி விலகிக்கொள்ளும். நல்ல குறுக்குவழிக்கு இதுதான் அடையாளம். அடிக்கடி வருவதைச் சுலபமாக்கும், அபூர்வமாக வருவதற்கும் கதவைத் திறந்து வைக்கும்.

இவ்வளவு நன்றாக இருந்தும் நம்மில் பலர் ஆங்கில எழுத்து வழியாகத்தானே தமிழ் அடிக்கிறோம்? காரணம், விரல் ஏற்கெனவே ஆங்கிலத்துக்குப் பழகிவிட்டது. 1936-ல் ஆகஸ்ட் டுவோராக் புதிய ஆங்கில விசைப்பலகைக்குக் காப்புரிமை வாங்கியும், 1870-களில் வந்த பழைய 'குவெர்ட்டி'யை அசைக்க முடியவில்லை. அதே கதை!

இதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? தமிழ்99-ல் அடிக்கும் குழந்தை ந, ண, ன மூன்றையும் மூன்று விரல் அசைவாக அறியும். ஆங்கிலம் வழியாக அடிக்கும் குழந்தைக்கு எல்லாமே 'என்'. எந்த 'ன' என்பதை மெஷின் ஊகித்துக் காட்டும். குழந்தை தேர்ந்தெடுக்கும். 'கோம்பை'க்கு 'பேட்'டில் வரும் பி-யா, 'பேனா'வில் வரும் பி-யா என்று வேறு யோசிக்க வேண்டும். தமிழில் இருப்பதோ ஒரே 'ப'! நம் மொழியை அடுத்தவர் வீட்டு வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து எழுதுகிறோம்.

உங்கள் எடிட்டரில் சொந்தக் குறுக்குவழி அமைக்கப் போகிறீர்களா? தாராளமாகச் செய்யுங்கள். நாள் முழுக்கச் செய்கிற வேலைக்குக் கைக்கு எட்டும் விசையைக் கொடுங்கள். அழிக்கிற வேலையைச் சேமிக்கிற வேலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த விசையை மாற்றிவைத்துவிட்டு அடுத்தவர் மெஷினில் திண்டாடாதீர்கள். அப்படியே, வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை இருந்தால், அதன் விரல் வேறொன்றுக்குப் பழகும் முன்பே அந்த 31 விசைகளை அறிமுகப்படுத்துங்கள். கணக்குப் பார்த்தால் வாய்ப்பாட்டைவிடச் சின்னப் பாடம்தான்!