மதீனத்துச் சகோதரத்துவமும் மகிழ் முற்றமும்



நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் அண்மையில் ஒரு முறையீட்டுடன் வந்தார். "எங்கள் தெருப் பையன்கள் எல்லாரும் மருதத்தில் இருக்கிறார்கள். என் மகனை மட்டும் பாலையில் போட்டுவிட்டார்கள். ஜமாஅத்தின் சார்பில் தலைமையாசிரியரிடம் சொல்லி மாற்றித் தர வேண்டும்" என்பது அவருடைய வேண்டுகோள். மகன்மீது கொண்ட பாசத்தினால் எழுந்த கோரிக்கைதான், அதில் குற்றமில்லை. ஆயினும் அதற்கு விடை சொல்லப் புகுந்தபோது, 1400 ஆண்டுகளுக்கு முந்தைய மதீனாவிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அன்று அவரிடம் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய மாணவர் குழு அமைப்பிற்கு 'மகிழ் முற்றம்' என்று பெயர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்திணைப் பெயர்களால் மாணவர்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். குழுவுக்குப் பொறுப்பாசிரியர்களும் மாணவத் தலைவர்களும் உண்டு. வகுப்பு என்பது ஒரே வயதுப் பிள்ளைகளைக் குறுக்காகக் கட்டும் கயிறு என்றால், குழு என்பது சிறியவரையும் பெரியவரையும் நெடுக்காகக் கட்டும் கயிறு எனலாம். ஆறாம் வகுப்புச் சிறுவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஓர் அண்ணன் கிடைக்கிறான் என்பதே இதன் பயன்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்பெயர்கள் ஏட்டுச் சொற்களல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது. கோட்டைப்பட்டினக் கரையில் நெய்தல் இருக்கிறது. கண்மாய் நிறைந்த ஆண்டில் நம் வயல்களே மருதம். மழை பொய்த்த ஆண்டில் அதே வயல்கள் பாலை.

இனி வரலாற்றுக்கு வருவோம். கி.பி. 622-இல் மக்காவைத் துறந்து மதீனா வந்து சேர்ந்த முஹாஜிர்கள் வீடும் பொருளும் உறவும் இழந்தவர்கள். மதீனத்து அன்சாரிகளோ அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு குலங்களாகப் பிரிந்து நெடுங்காலம் தமக்குள் போரிட்டு ஓய்ந்தவர்கள். இவர்களை ஒரு சமுதாயமாக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மேற்கொண்ட முதல் ஏற்பாடுகளில் ஒன்று 'முஆகாத்' எனப்படும் சகோதரப் பிணைப்பு. முஹாஜிர் ஒருவரையும் அன்சாரி ஒருவரையும் இணைத்து இருவரும் சகோதரர் என அறிவித்தார்கள். அந்த உடன்பாடு தம் இல்லத்தில் நடந்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் இடம்பெற்றுள்ளது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரே குலத்தார் ஒரே குலத்தாருடன் இணைக்கப்படவில்லை. வணிகர் ஊரிலிருந்து வந்தவர் பேரீச்சந்தோட்டம் வைத்திருந்தவருடன் இணைக்கப்பட்டார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்த ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அதற்காகத் துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு மட்டும் வழி கேட்டுச் சென்று, பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுப் பிழைப்பைத் தொடங்கினார்கள். கொடுக்க முன்வந்தவரின் பெருமைக்கு, வாங்கிக்கொள்ளாதவரின் மானம் சற்றும் குறைந்ததல்ல.

பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்களும் மதீனத்து அபுத்தர்தா (ரலி) அவர்களும் சகோதரராக்கப்பட்ட செய்தி இன்னும் சுவையானது. ஸல்மான் (ரலி) அவர்கள் ஒருநாள் சகோதரரின் வீட்டுக்குச் சென்றபோது, வீட்டு அம்மையார் பொலிவிழந்த உடையில் இருக்கக் கண்டு காரணம் கேட்டார்கள். கணவர் பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் தொழுகையிலும் மூழ்கி வீட்டை மறந்தது தெரிந்தது. ஸல்மான் (ரலி) அவர்கள் விடவில்லை. நோன்பை விட்டுத் தம்மோடு உண்ணச் செய்தார்கள். இரவில் எழுந்தவரை உறங்கச் சொன்னார்கள். பின்னிரவில் தாமே எழுப்பி இருவருமாகத் தொழுதார்கள். இறைவனுக்குரிய கடமை போலவே உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய கடமைகள் உண்டு என எடுத்துரைத்தார்கள். செய்தி நபிகளாரிடம் சென்றபோது, ஸல்மான் கூறியது உண்மையே என்று அண்ணலார் ஒப்புக்கொண்டார்கள். வேற்று நாட்டார் ஒருவர் உள்ளூர்ப் பெரியவரின் வீட்டுக்குள் சென்று தவறு திருத்தும் உரிமையைப் பெற்றது எதனால்? அப்பிணைப்பினால்தான். தொடக்கத்தில் வாரிசுரிமை வரை சென்ற இப்பிணைப்பு, பின்னர் வாரிசுரிமை இரத்த உறவினருக்கே உரியதென இறைவசனம் அருளப்பட்டபோது அந்த அளவில் நீங்கிற்று, சகோதரத்துவம் நீங்கவில்லை.

பள்ளிக்கூடக் குழு முறை இன்றைய வடிவில் தோன்றிய இடம் இங்கிலாந்து. அந்நாட்டுப் பழம் பள்ளிகளுக்குத் தொலைவிலிருந்து வந்த மாணவர்கள் வெவ்வேறு விடுதி வீடுகளில் தங்கினர். அவ்வீட்டையே 'ஹவுஸ்' என்றனர். 1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு காலத்தில், மூத்த மாணவரிடம் இளையோர் பொறுப்பை ஒப்படைக்கும் வழக்கம் வலுப்பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் விடுதியே இல்லாத பகல்நேரப் பள்ளிகளும் இதை ஏற்றுக்கொண்டபோது வீடு மறைந்து பெயர் மட்டும் எஞ்சியது. சிறுவர் விரும்பிப் படிக்கும் ஹாரி பாட்டர் கதையிலும் இத்தகைய நான்கு இல்லங்கள் வருகின்றன. அங்கும் குலப்பெருமை பேசும் இல்லமே தொல்லை தருகிறது!

இந்தியாவுக்கு இம்முறை வந்த விதத்தில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. அஜ்மீரில் 1875-இல் மாணவர் சேரத் தொடங்கிய மேயோ கல்லூரி அரச குமாரர்களுக்கானது. முதல் மாணவரான அல்வர் இளவரசர் யானை மீதேறி, நூற்றுக்கணக்கான பணியாளர் புடைசூழ வந்திறங்கினார். ஜெய்ப்பூர், ஜோத்பூர், உதய்ப்பூர், பிகானீர், டோங்க் எனச் சமஸ்தானங்கள் தத்தம் செலவில் விடுதி இல்லங்களைக் கட்டிக்கொடுத்தன. தன் நாட்டான் தன் இல்லத்தில் என்பதே அன்றைய நடைமுறை. வீட்டில் இருந்த சுவரைப் பள்ளிக்கும் தூக்கி வந்தது போன்றது அது.

அதே 1875-இல், மே 24 அன்று, அலீகரில் சர் சையது அஹ்மத் கான் அவர்கள் ஒரு மதரஸாவைத் தொடங்கினார்கள். 1869-70-இல் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது கேம்பிரிட்ஜில் மாணவர்கள் ஒன்றாக உண்டு, உறங்கி, விவாதித்து வளர்வதைக் கண்டு வந்தவர் அவர். 1877 ஜனவரி 8 அன்று வைசிராய் லிட்டன் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். பஞ்சாபிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் அடுத்தடுத்த அறைகளில் தங்கினர். ஹிந்து மாணவர்களும் அங்குப் பயின்றனர். 1884-இல் மாணவர் விவாத மன்றம் தோன்றியது. பின்னர் ஏழை மாணவருக்குப் பொருள் திரட்ட 'அஞ்சுமன் அல்-ஃபர்ழ்' என்னும் கடமைச் சங்கத்தை மாணவர்களே நடத்தினர். விடுமுறையில் ஊர் ஊராகச் சென்று நிதி கேட்டார்கள். வெற்றிக்கோப்பைக்காக ஓடுவதை விட, தன்னோடு படிக்கும் ஒருவனின் கட்டணத்துக்காக வெயிலில் நடப்பது உயர்ந்த பயிற்சி என்பது என் கருத்து. அலீகரில் தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நிலக்கிழார், அரசு அலுவலர் வீட்டுப் பிள்ளைகளே என்ற குறையையும் மறைக்க வேண்டியதில்லை. நெசவாளியின் மகனும் கசாப்புக்காரரின் மகனும் அங்கு எளிதில் நுழைந்துவிடவில்லை.

1935-இல் டேராடூனில் தொடங்கிய டூன் பள்ளியிலும் ஹைதராபாத், காஷ்மீர், ஜெய்ப்பூர், டாட்டா என்ற பெயர்களில் இல்லங்கள் அமைந்தன. ஆனால் அவை நன்கொடையாளரைக் குறித்த பெயர்களே. ஹைதராபாத் இல்லம் ஹைதராபாத்காரருக்கு மட்டும் உரியதன்று. மேயோவுக்கும் டூனுக்கும் இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இதுவே. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் கல்லூரிக்காக உழைத்த பெரியோர் பெயரால் இல்லங்கள் உள்ளன. 1962-இல் தொடங்கப்பெற்ற அமராவதி நகர் சைனிக் பள்ளியில் சேர, சோழ, பாண்டிய, பல்லவர் பெயர்கள். ஆக, தனியார் பள்ளியிலும் விடுதிப் பள்ளியிலும் நெடுங்காலம் இருந்துவந்த ஒன்று, அரசுப் பள்ளியில் படிக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு 2024-இல்தான் எட்டியிருக்கிறது.

எட்டிய காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சமூக மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். நாடே அதிர்ந்தது. அதன்பின் அரசு அமைத்த ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணியக் கூடாது, வகுப்பறையில் அகர வரிசையில் அமர்த்த வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் நீங்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில. கையில் கட்டிய ஒரு வண்ணக் கயிறு, அந்தப் பிள்ளை யாருடன் உட்கார வேண்டும், யாரை வெறுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் நிலைக்கு நம் பள்ளிகள் சில வந்திருந்தன. அந்தக் கயிறு பிறப்பினால் வருவது. குழுவோ குலுக்கலில் வர வேண்டியது. தெருவைப் பார்த்தும் உறவைப் பார்த்தும் குழுவை நிரப்பினால், கயிற்றைக் கழற்றிவிட்டு அதே நிறத்தில் சட்டை மாட்டியது போலாகும்.

நம் சமுதாயத்தில் சாதி இல்லை; எனவே இது நமக்குப் பொருந்தாது என்று கருதுவோர் இருக்கலாம். தெருவுக்கொரு கூட்டம், குடும்பத்துக்கொரு கட்சி என்பதை ஜமாஅத் தேர்தல் காலத்தில் நாமே பார்த்திருக்கிறோமே! நம் பிள்ளைகள் நால்வர் பள்ளியில் எப்போதும் தமக்குள்ளேயே கூடி நின்றால், மற்ற பிள்ளைகள் அவர்களை எப்படி அறிவார்கள்?

மதீனாவிலேயே இதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒரு படைப்பயணத்தின்போது முஹாஜிர் ஒருவர் அன்சாரி ஒருவரை அடித்துவிட்டார். உடனே ஒருவர் "அன்சாரிகளே, வாருங்கள்" என்றும் மற்றவர் "முஹாஜிர்களே, வாருங்கள்" என்றும் கூவினர். செவியுற்ற நபி (ஸல்) அவர்கள், இஃது என்ன அறியாமைக் காலத்துக் கூக்குரல் என்று கடிந்து, துர்நாற்றம் வீசும் அதனை விட்டொழிக்குமாறு கூறினார்கள். முஹாஜிர், அன்சாரி என்பவை குர்ஆன் போற்றும் பெயர்கள். அப்பெயர்களே கட்சிக் குரலாக மாறியபோது அண்ணலார் பொறுக்கவில்லை. முல்லை, பாலை எல்லாம் எம்மாத்திரம்?

போட்டியே வேண்டாம் என்பதும் அவர்களின் வழியன்று. அஸ்லம் குலத்து இளைஞர்கள் அம்பெய்து போட்டியிட்ட இடத்தைக் கடந்தபோது அவர்களை உற்சாகப்படுத்தி, தாம் ஓர் அணியுடன் இருப்பதாகச் சொன்னார்கள். எதிரணியினர் வில்லைத் தாழ்த்திவிட்டனர். ஏன் எறியவில்லை என வினவியபோது, தாங்கள் அந்த அணியில் இருக்கையில் எப்படி எறிவோம் என்றனர். அப்படியாயின் எறியுங்கள், நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன் என்றார்கள். விளையாட்டு விழாவில் பரிசு வழங்க அழைக்கப்படும் பெரியவர்கள் இந்த ஹதீஸை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

முறையீட்டுடன் வந்த சகோதரருக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. பாலை என்பது பாழ்நிலமாயிற்றே, மகனுக்கு அந்தப் பெயரா என்றார். நம் மார்க்கம் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டார். மாற்றம் கேட்டு யாரும் பள்ளிக்குச் செல்லவில்லை. மூன்று மாதங்களுக்குப் பின் அவருடைய மகனுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்தில் வரும் இரண்டு நண்பர்கள் கிடைத்திருந்தனர். பெருநாளன்று அவ்விருவரும் அவர் வீட்டில் பிரியாணி உண்டார்கள்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நம் மக்தப் மதரஸாவில் பிள்ளைகள் இன்றும் தெருவாரியாகவே அமர்கிறார்கள். ஆண்டு விழாப் போட்டிகளுக்கும் தெருவாரியாகவே அணி சேர்கிறார்கள். வரும் ஆண்டு முதல் குலுக்கல் முறையில் நான்கு அணிகள் பிரித்து, ஒவ்வோர் அணியிலும் சிறியவருக்கு ஓதக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை மூத்த மாணவரிடம் ஒப்படைக்கலாம். ஒரு மாதம் வரை அணி மாற்றம் கேட்டு எந்தப் பெற்றோரும் உஸ்தாதை அணுகக் கூடாது என்ற நிபந்தனையும் வேண்டும். அணிகளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம், இன்ஷா அல்லாஹ்.